‘ஆள் நிற்பதில்லை’ என்னும் புலம்பலும் அதன் வர்க்க உள்ளடக்கமும்

2020 மே மாதத்தின் முதல் வாரம். பொதுமுடக்கத்தால் வேலையும் கூலியும் இழந்து, பெங்களூருவின் கட்டுமானத் தளங்களில் அடைபட்டுக் கிடந்த வடமாநிலத் தொழிலாளர்கள், சொந்த ஊர் திரும்புவதற்கான சிறப்பு ரயில்களை எதிர்பார்த்துக் காத்திருந்தனர். அந்த நேரத்தில் கட்டுமான நிறுவனங்களின் பிரதிநிதிகள் கர்நாடக முதலமைச்சரைச் சந்தித்துப் பேசினர். பேச்சு முடிந்த கையோடு, இனி ரயில்கள் தேவையில்லை என்று மாநில அரசு ரயில்வே துறைக்குக் கடிதம் எழுதியது. தொழிலாளர்கள் போய்விட்டால் கட்டடங்களை யார் எழுப்புவது என்பதே முதலாளிகளின் கவலை. நாடெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகுதான் ரயில்கள் மீண்டும் புறப்பட்டன.

நல்ல தொழிலாளியைத் தேடிப் பிடிப்பது எப்படி, பிடித்தவரைத் தக்கவைத்துக்கொள்வது எப்படி என்று தொழில் தொடங்குவோருக்கு அறிவுரை கூறும் நூல்கள் ஏராளம். பிறந்த நாளுக்கு இனிப்பு வழங்குங்கள், நிறுவனத்தை ஒரு குடும்பமாக நடத்துங்கள், உற்சாகமூட்டுங்கள் என்று அவை உபதேசிக்கின்றன. ஆனால் நெருக்கடி வந்த நாளில் இந்திய முதலாளித்துவம் அந்தக் கேள்விக்கு அளித்த உண்மையான விடை, ரயிலை நிறுத்துவது என்பதாக இருந்தது.

‘நல்ல ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிற்பதில்லை’ என்ற குரல் இன்று லூதியானாவின் பின்னலாடைப் பட்டறைகளிலிருந்து கோவையின் வார்ப்படச் சாலைகள் வரை கேட்கிறது. பெருமுதலாளிகளும் இதையே கூறுகின்றனர். பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் சிறு தொழில்முனைவோரும் இதையே கூறுகின்றனர். பட்டதாரி இளைஞர்கள் கடைநிலைப் பணிகளுக்கு லட்சக்கணக்கில் விண்ணப்பித்துக் காத்திருக்கும் நாட்டில் இப்படியொரு புலம்பல் எழுவது விந்தை. வேலை தேடுவோர் வரிசையில் நிற்கின்றனர்; வேலை தருவோரோ ஆளில்லை என்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளது கூலியும் உரிமையும் பற்றிய கேள்வி. அந்தக் கேள்வியை மறைப்பதற்காகவே தொழிலாளியின் சோம்பேறித்தனமும் நன்றிகெட்டதனமும் காரணங்களாகக் காட்டப்படுகின்றன.

ஆளில்லை என்ற பழைய பாட்டு

இந்தப் பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. 14ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் இங்கிலாந்தின் மக்களில் பெரும்பகுதியினரைக் கொன்று தீர்த்தது. எஞ்சிய உழைப்பாளிகள் கூடுதல் கூலி கேட்டனர். உடனே 1351ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. நோய்க்கு முன்பிருந்த கூலிக்கே வேலை செய்ய வேண்டும், மீறினால் தண்டனை என்றது அது. மூலதனம் நூலின் முதல் தொகுதியில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் இச்சட்டத்தை எடுத்துக்காட்டுகிறார். உழைப்புச் சந்தையில் தேவை மிகுந்து வரத்துக் குறைந்தால் விலை ஏற வேண்டும் என்பது முதலாளிகளே ஓதும் வேதம். அந்த வேதம் தொழிலாளிக்குச் சாதகமாகத் திரும்பும்போதெல்லாம் அவர்கள் அரசின் தடியைக் கையில் எடுக்கின்றனர்.

இந்தியாவில் 1859ஆம் ஆண்டில் கிழக்கத்திய வியாபாரத்தில் கொழுத்த கல்கத்தா ஐரோப்பிய வணிகர்களின் கோரிக்கையை ஏற்று, தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் இயற்றப்பட்டது. முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டுச் சென்றால் அவருக்கு மூன்று மாதம் வரை சிறை. கூலி தராமல் ஏய்த்த முதலாளிக்கோ அச்சட்டத்தில் சிறை இல்லை. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள் வரை நீண்ட இந்தச் சட்டம் 1920களின் நடுவில்தான் அகற்றப்பட்டது. ஆளைத் தக்கவைத்துக்கொள்ளும் கலையை இந்திய முதலாளி வர்க்கம் பயின்ற பள்ளி இதுவே.

சட்டம் போனாலும் வழக்கம் போகவில்லை. செங்கல் சூளைகளில் முன்பணம் இன்றும் குடும்பங்களைக் கட்டிப்போடுகிறது. கொத்தடிமை முறை 1976இலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டது என்பதை அந்தச் சூளைகள் அறியா. தமிழகத்தின் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற மங்கலப் பெயரில் இளம்பெண்களின் கூலியில் ஒரு பகுதி பிடித்துவைக்கப்பட்டு, ஒப்பந்தக் காலம் முடியும்போது மொத்தமாகத் தரப்படும் என்று கூறப்பட்டது. இடையில் உடல்நலம் குன்றி வெளியேறியவர்கள் பலருக்கு அந்தப் பணம் கானல்நீராயிற்று. நன்றாக நடத்தினால் தொழிலாளி நிற்பார் என்ற நம்பிக்கை உள்ள எவரும் கூலியைப் பிணையாகப் பிடித்துவைக்க மாட்டார்.

சூரத்தின் விசைத்தறிக் கூடங்களைப் பார்த்தால் தொழிலாளி ஏன் போகிறார் என்பது விளங்கும். அங்கே தறி ஓட்டுவோரில் மிகப் பெரும்பாலோர் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தினர். 12 மணி நேர ஷிப்ட். நெய்த மீட்டருக்கு இத்தனை பைசா என்று கணக்கு. தறி நின்றால் கூலியும் நிற்கும். பகல் ஷிப்டுக்கு ஒருவர் எழுந்து சென்ற பாயில் இரவு ஷிப்ட் முடித்த மற்றொருவர் வந்து படுக்கும் மெஸ் அறைகள். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. சம்பளச் சீட்டு இல்லை. பத்தாண்டு தறி ஓட்டியவரும் நேற்று வந்தவரைப் போலவே ஆதாரமற்றவர். 2020 ஏப்ரலில் கூலியும் உணவும் இன்றித் தெருவுக்கு வந்து, ஊருக்கு அனுப்புங்கள் என்று முழங்கியவர்கள் இவர்களே. அவர்களை அன்று விரட்டியது காவல்துறையின் தடி. சில மாதங்கள் கழித்துத் தறிகள் ஆளின்றி நின்றபோது, கஞ்சத்தார் திரும்பி வரவில்லையே என்று அங்கலாய்த்தது அதே நகரம்.

அதே ஆண்டு ஜூன் மாதம் பஞ்சாபில் நெல் நடவுக்கு ஆளில்லாமல் பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் பேருந்துகள் அனுப்பப்பட்டன. உள்ளூர் விவசாயத் தொழிலாளர்கள் ஏக்கருக்குக் கூடுதல் கூலி கேட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். பல கிராமங்களில் பஞ்சாயத்துகள் கூடி, இதற்கு மேல் கூலி தரக்கூடாது, மீறினால் ஊர்விலக்கு என்று தீர்மானம் போட்டன. 1351ஆம் ஆண்டின் சட்டம் 670 ஆண்டுகள் கழித்துக் கோதுமை விளையும் மண்ணில் சாதியின் துணையோடு மறுபிறவி எடுத்தது. விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் அதை எதிர்த்து நின்றன.

இப்பின்னணியில்தான் எல் அண்ட் டி நிறுவனத்தின் தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன் 2025 பிப்ரவரியில் சென்னையில் ஆற்றிய உரையை மதிப்பிட வேண்டும். வேலை உள்ள இடத்துக்குத் தொழிலாளர்கள் வர விரும்புவதில்லை என்றும், அரசின் நலத்திட்டங்கள் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றும் அவர் கூறினார். அதற்கு முந்தைய மாதம்தான் வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்ற அவரது பேச்சு நாடெங்கும் நகைப்புக்கு உள்ளானது. ரேஷன் அரிசி இருப்பதால் பட்டினிக்கு அஞ்சி வேலைக்கு ஓடிவரும் நிலை தளர்ந்துவிட்டது என்பதே இந்தக் குறையின் பொருள். பசியே சிறந்த மேஸ்திரி என்று கருதும் வர்க்கம் இவ்வாறுதான் பேசும். 2025 டிசம்பரில் கிராமப்புற வேலை உறுதிச் சட்டத்தைக் குழிதோண்டிப் புதைத்து மோடி அரசு கொண்டுவந்த புதிய சட்டம், வேளாண் பருவத்தில் 60 நாட்கள் வேலையை நிறுத்திவைக்க இடமளிக்கிறது. ஆள் கிடைக்கவில்லை என்ற மேட்டுக்குடிப் புலம்பலுக்குச் சட்ட வடிவம் கிடைத்துவிட்டது.

சட்டத்தின் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்

ஒரு தொழிலாளியை ஓரிடத்தில் நிலைநிறுத்துபவை எவை? காலத்தில் வரும் கூலி, அது ஆண்டுதோறும் உயரும் என்ற உறுதி, நோயுற்றால் மருத்துவம், முதுமைக்குச் சேமிப்பு, நீண்ட பணிக்குப் பணிக்கொடை, மேற்பார்வையாளரின் வசவுக்கு எதிராக முறையிட ஓர் இடம், சங்கம் சேரும் உரிமை. இவை உள்ள ரயில்வேயிலும் வங்கியிலும் காப்பீட்டுக் கழகத்திலும் ஆள் நிற்பதில்லை என்று எவரும் புலம்பியதில்லை. ஒருமுறை சேர்ந்தவர் ஓய்வு பெறும் வரை நின்றார்.

இந்தியாவின் சிறு நிறுவனங்களில் இவை இல்லாமற்போனது தற்செயல் அன்று. சட்டமே அங்கு நுழைவதில்லை. ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு 2013-14இல் 5.85 கோடி நிறுவனங்களைக் கணக்கிட்டது. அவற்றில் சுமார் 13 கோடிப் பேர் உழைத்தனர். ஒரு நிறுவனத்துக்குச் சராசரியாக இரண்டு பேருக்குச் சற்றே அதிகம். ஆனால் வருங்கால வைப்பு நிதிக்கு 20 பேர் வேண்டும்; இ.எஸ்.ஐ மருத்துவத்துக்கும் பணிக்கொடைக்கும் 10 பேர் வேண்டும். பெரும்பான்மை உழைப்பாளிகள் கதவுக்கு வெளியே நிற்கையில் கதவின் அழகைப் பற்றிப் பேசுகிறது அரசு.

மோடி அரசு அந்தக் கதவை மேலும் குறுக்கியது. தொழிற்சாலைச் சட்டத்தின்படி மின்விசையுடன் 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. புதிய சட்டத் தொகுப்பில் அது 20 பேர். மின்விசை இல்லாத இடத்தில் 20 என்பது 40 ஆயிற்று. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன்அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆயிற்று. நிலையாணைகளுக்கான வரம்பும் அவ்வாறே. புலம்பெயர் தொழிலாளர் ஐவர் இருந்தாலே பொருந்திய 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்புக்கு இனி பத்துப் பேர் வேண்டும். அச்சட்டம் வழங்கிய இடப்பெயர்வுப் படியும் காணாமற்போனது. தொழிற்சங்கங்களின் பொது வேலைநிறுத்தங்களை மீறி, 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக அரசு அறிவித்தது.

எல்லாத் தொழிலாளர்க்கும் நியமனக் கடிதம் என்று அன்று விளம்பரம் செய்யப்பட்டது. அந்தக் கடமையை விதிக்கும் பணிச்சூழல் தொகுப்போ, பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனத்தையே நிறுவனம் என்று வரையறுக்கிறது. எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறைத் தொழிலாளி அந்த விளம்பரத்தைப் படிக்கலாம். கடிதம் கேட்க முடியாது. மாதச் சம்பளம் பெறுவோரிலேயே பாதிக்கு மேற்பட்டோருக்கு எழுத்துப்பூர்வமான வேலை ஒப்பந்தம் இல்லை என்பதை அரசின் உழைப்புப் படை ஆய்வுகள் ஆண்டுதோறும் ஒப்புக்கொள்கின்றன.

குறித்த கால வேலைமுறைக்குச் சட்டத்தில் நிரந்தர இடம் அளிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டு முடிந்ததும் கணக்கு முடித்து அனுப்பிவிடலாம். இந்த உரிமையைப் போராடிப் பெற்றவர்கள் முதலாளிகளின் சங்கங்களே. தொழிலாளியை ஓராண்டுக்கு மேல் வைத்திருக்கக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று ஒரு மேடையில் மனுக் கொடுத்துவிட்டு, மறு மேடையில் ஆள் நிற்பதில்லை என்று கண்ணீர் விடுகின்றனர்.

வேலைவாய்ப்பைப் பெருக்குவதாகக் கூறி 2025 ஜூலையில் ஒன்றிய அரசு 99,446 கோடி ரூபாயில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் மாதம் 3,000 ரூபாய் வரை முதலாளிக்கு மானியம். பலனோ, வருங்கால வைப்பு நிதி அமைப்பில் பதிவு பெற்ற நிறுவனங்களுக்கே. அந்த வளையத்துக்குள் வராத குறுந்தொழில் அங்கும் வெளியேதான். பொதுப்பணம் எவர் பைக்குப் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சிறு முதலாளியின் கழுத்தில் யார் கை?

சிறு தொழில் நடத்துவோரின் நெருக்கடி பொய்யன்று. 2016 நவம்பர் 8இல் பணமதிப்பு நீக்கம் அவர்களது கல்லாவைக் காலியாக்கியது. 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டி அவர்களைக் கணக்காளரின் வாசலில் நிறுத்தியது. 2020இன் பொதுமுடக்கம் எஞ்சியதையும் துடைத்தது. ஆனால் இவற்றைவிட நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சுவது, பெரு நிறுவனங்கள் நிறுத்திவைக்கும் பாக்கித் தொகை.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், குறு மற்றும் சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் பணம் ஏன் வருவதில்லை? புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது. உரிமை தாளில் இருக்கிறது. அதைக் கேட்டால் பிழைப்புப் போய்விடும். மிகைநேரப் பணிக்கு இரட்டிப்புக் கூலி கேட்டால் நாளை வேலை இருக்காது என்று அஞ்சும் தொழிலாளியின் நிலையும் இதுதான். பெரு மூலதனத்தின் முன் சிறு முதலாளி எந்த நிலையில் நிற்கிறாரோ அதே நிலையில் சிறு முதலாளியின் முன் தொழிலாளி நிற்கிறார்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். ஃபரிதாபாத்தில் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு கடைசல் பட்டறை என்று கொள்க. வாகன உதிரிபாகம் செய்து ஒரு பெரிய நிறுவனத்துக்குத் தருகிறது. அந்நிறுவனம் 12 லட்சம் ரூபாயைக் கெடு கடந்தும் நிறுத்திவைத்திருக்கிறது. பட்டறை உரிமையாளர் அதை ஈடுகட்ட வெளியில் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்குக் கடன் வாங்குகிறார். மாத வட்டி மட்டும் 24,000 ரூபாய். எட்டுத் தொழிலாளர்களுக்கும் தலா 2,000 ரூபாய் கூலி உயர்த்தினால் ஆகும் செலவு 16,000. ஆக, பாக்கி உரிய நாளில் வந்தால் கூலியை உயர்த்திய பின்னும் 8,000 ரூபாய் கையில் மிஞ்சும். தேர்ந்த கடைசல்காரர் ஒருவர் 2,000 ரூபாய்க்காக வேலையை விட்டால், புதியவர் கை பழகும் வரை கழிவாகும் வார்ப்புகளும் உடையும் உளிகளும் தவறும் கெடுக்களும் தனிச் செலவு. இருந்தும் பட்டறைக்காரர் வட்டியைக் கட்டுகிறார், கூலியை மறுக்கிறார். வட்டிக்காரரிடமும் பெரு நிறுவனத்திடமும் பேரம் பேச முடியாது, தொழிலாளியிடம் முடியும் என்பதே காரணம்.

பலவீனமானவரின் மீது சுமையை இறக்கும் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி தொழிலாளி. அவர் அதை அறுத்துக்கொண்டு வெளியேறும்போது எழும் ஓசையைத்தான் ‘ஆள் நிற்பதில்லை’ என்று சமூகம் கேட்கிறது. சங்கம் வைக்க முடியாத இடத்தில் வேலையை விட்டுப்போவது ஒன்றே தொழிலாளியின் வேலைநிறுத்தம்.

‘சிறு தொழில்’ என்ற சொல்லிலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் 100 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள நிறுவனமும் சிறு நிறுவனமே. 500 கோடி வரை நடுத்தர நிறுவனம். தெருமுனைத் தையற்கடையின் வறுமையைக் காட்டி 100 கோடிக்காரர் சலுகை வாங்கிக்கொள்கிறார். சிறு தொழிலைக் காக்க வேண்டும் என்று எவர் பேசினாலும், எந்தச் சிறு தொழில் என்று கேட்பது தோழர்களின் முதல் வேலை.

விலக்கு கேட்பது யாருக்கு உதவும்?

ஜனநாயக எண்ணம் கொண்ட நண்பர்களிடையேயும் ஒரு வாதம் உலவுகிறது. சிறு உற்பத்தியாளர் ஏகபோக மூலதனத்தால் நசுக்கப்படுபவர். அதற்கு எதிரான அணியில் அவரைச் சேர்க்க வேண்டும். எனவே தொழிலாளர் சட்டங்களிலிருந்து அவருக்கு விலக்கு அளிப்பதை இடதுசாரிகள் எதிர்க்கக்கூடாது, குறைந்தது கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும் என்பது அது. முதற்பகுதி சரி. முடிவு முற்றிலும் தவறு.

விலக்குகள் ஏற்கெனவே இருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் 1948 முதல் எல்லாக் கடைகளுக்கும் பொருந்திய கடைகள் சட்டம், 2017இல் பத்துப் பேருக்குக் குறைந்த நிறுவனங்களைப் பெருமளவு விடுவித்தது. இந்த விலக்கால் சிறு வணிகர் மின்வணிகப் பேரங்காடிகளை வென்றுவிட்டாரா? இல்லை. குறைந்த கூலியால் கிடைக்கும் சிறு லாபத்தை, கொள்முதல் விலையைக் குறைத்துப் பெரு நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. எல்லாப் பட்டறைகளும் கூலியைக் குறைத்தால் எல்லாப் பட்டறைகளின் விலையும் குறையும். மிச்சம் போகும் இடம் ஒன்றே. கூலியைக் குறைப்பதில் சிறு முதலாளிகள் தமக்குள் நடத்தும் போட்டி, தம்மை நசுக்குபவருக்கே அவர்கள் செலுத்தும் கப்பம்.

மேலும், வரம்பு என்று ஒன்று வைத்தால் அதற்குக் கீழேயே நிற்கப் பலர் கற்றுக்கொள்வர். ஒன்பது பேரோடு பதிவேடு நின்றுவிடும். பத்தாமவர் ஒப்பந்தக்காரரின் ஆளாகிவிடுவார். ஒரே கூரையின்கீழ் அண்ணன் பெயரில் ஒரு நிறுவனமும் தம்பி பெயரில் ஒரு நிறுவனமும் தோன்றும். சட்டத்தைப் பின்பற்றும் நேர்மையான சிறு முதலாளியே இதில் முதலில் தோற்பவர்.

பெண் தொழிலாளர்களின் நிலை இதற்குத் தெளிவான சான்று. 2017இல் மகப்பேறு விடுப்பு 26 வாரங்களாக உயர்ந்தது. அது உரிமைப் போராட்டத்தின் வெற்றி. ஆனால் இ.எஸ்.ஐ இல்லாத இடத்தில் அந்த விடுப்புக்கால ஊதியம் முழுவதும் தனி முதலாளியின் தலையில் விழுகிறது. அரசு ஒரு பைசாவும் ஏற்பதில்லை. விளைவு, மணமாகப்போகும் பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்குகின்றனர். இதற்குத் தீர்வு விடுப்பை வெட்டுவது ஆகாது. செலவைச் சமூகம் பொதுவாக ஏற்க வேண்டும். தனித்தனி முதலாளியின் நல்லெண்ணத்தால் தாங்க முடியாத பாதுகாப்பை ஒரு பொதுநிதி தாங்கும்.

1969 காட்டிய இரண்டு வழிகள்

இது ஏட்டுச் சுரைக்காய் என்பவர்களுக்கு இந்திய உழைக்கும் வர்க்கத்தின் அனுபவமே பதில். 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையிலான அரசு அதை 1968இல் நடைமுறைப்படுத்த முனைந்தது. விடுப்பும் போனசும் தந்தால் தொழில் கட்டுப்படியாகாது என்று கூறி, மங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பீடி முதலாளிகள் கண்ணூர்ப் பகுதியில் கடையைக் கட்டிக்கொண்டு போனார்கள். பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. சட்டம் வேலையைக் கொன்றுவிட்டது என்று இன்றைய பொருளாதார மேதைகள் சொல்வதை அன்றும் சொன்னார்கள்.

தொழிலாளர்கள் 1969 பிப்ரவரியில் கேரள தினேஷ் பீடி கூட்டுறவைத் தொடங்கினர். முதலாளிகள் கட்டுப்படியாகாது என்ற கூலியும் விடுப்பும் வைப்பு நிதியும் அங்கே வழங்கப்பட்டன. பீடி சுற்றும் கூடத்தில் ஒருவர் நாளிதழ் படிக்க மற்றவர்கள் கேட்டபடி வேலை செய்யும் மரபு அங்கும் தொடர்ந்தது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் உழைத்த காலம் உண்டு. அங்கே ஆள் நிற்பதில்லை என்ற புலம்பல் இல்லை. வேலை வேண்டி நின்றவர்களே ஏராளம். பின்னர்ப் பீடிப் பழக்கம் குறைந்தது. சட்டத்துக்கு வெளியே வீடுகளில் மலிவுக் கூலிக்குச் சுற்றப்பட்ட பீடி சந்தையை நிரப்பியது. கூட்டுறவு சுருங்கியது. ஆயினும் தொழிலாளர்களைத் தெருவில் விடாமல் உணவுப் பொருள், குடை, ஆயத்த ஆடை என்று வேறு தொழில்களுக்குத் திரும்பியது. அந்தச் சுருக்கமும் ஒரு பாடமே: உரிமைகள் எல்லாருக்கும் பொதுவாக இல்லாவிட்டால், உரிமை வழங்கும் நிறுவனத்தை வழங்காத நிறுவனம் விழுங்கப் பார்க்கும்.

அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன், 1957இல், காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடியபோது வேலையிழந்தவர்கள், தோழர் ஏ.கே.கோபாலனின் வழிகாட்டலில் கூட்டுறவுகளாகத் திரண்டு அவற்றை ஏற்று நடத்தினர். தில்லியிலும் கல்கத்தாவிலும் கேரள நகரங்களிலும் அந்தத் தலைப்பாகைப் பரிமாறுநர்களை வாடிக்கையாளர்கள் பல பத்தாண்டுகளாக முகமறிவர். உணவு விடுதிகளில் ஆள் நிற்பதில்லை என்போர் அங்கே சென்று பார்க்கலாம்.

எல்லாச் சிறு தொழிலும் கூட்டுறவாகிவிடாது என்பது உண்மை. அதற்கும் ஒரு வழியை 1969ஆம் ஆண்டே காட்டியது. மும்பையின் சந்தைகளிலும் கிடங்குகளிலும் மூட்டை தூக்கும் மாத்தாடித் தொழிலாளிக்கு நிலையான முதலாளி கிடையாது. காலையில் ஒரு கடை, மாலையில் வேறு கடை. அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில் அவர்கள் திரண்டு போராடியதன் விளைவாக மகாராஷ்டிரத்தில் மாத்தாடிச் சட்டம் வந்தது. தொழிலாளர்களும் வணிகர்களும் ஒரு வாரியத்தில் பதிவு செய்வர். வணிகர் கூலியையும் அதன்மேல் ஒரு தீர்வையையும் வாரியத்தில் செலுத்துவார். அந்தத் தீர்வையிலிருந்து வைப்பு நிதி, பணிக்கொடை, போனஸ், விடுப்பு ஊதியம், மருத்துவம் எல்லாம் தொழிலாளிக்குச் சேரும். தனித்தனியே எந்தச் சிறு வணிகராலும் தர முடியாததை எல்லாரும் சேர்ந்து தந்தனர். அந்தச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்ய முயற்சிகள் தொடர்கின்றன. அதன் வலிமையை முதலாளிகள் உணர்ந்திருப்பதற்கு அதுவே சாட்சி.

தோழர்களின் கடமை

கட்சி உறுப்பினர்கள் நாள்தோறும் சிறு வணிகரோடும் பட்டறை உரிமையாளரோடும் பழகுகின்றனர். நிதி வசூலின்போது அவர்களது கடை ஏறுகின்றனர். ஜிஎஸ்டிக்கும் மின்கட்டண உயர்வுக்கும் எதிராக அவர்களோடு தோளிணைந்து நிற்கின்றனர். அது தொடர வேண்டும். ஆனால் அந்த நட்புக்காகக் கடையின் பின்கட்டில் 12 மணி நேரம் நிற்கும் ஊழியரைக் காணாததுபோல் இருந்துவிடக்கூடாது. கடை முதலாளியிடம் உண்மையைச் சொல்லும் துணிவு வேண்டும். அவரது கழுத்தை நெரிக்கும் கை மேலிருந்து வருகிறது; கீழிருக்கும் தொழிலாளியின் கையை முறுக்குவதால் அந்தப் பிடி தளராது.

45 நாள் கெடுவைக் கடக்கும் பெரு நிறுவனங்களிடம் வட்டியோடு வசூலிக்க, பாதிக்கப்பட்டவரின் புகாருக்குக் காத்திராமல் அரசே நடவடிக்கை எடுக்க வேண்டும். இ.எஸ்.ஐயும் வைப்பு நிதியும் ஆள் எண்ணிக்கை வரம்பின்றி ஒவ்வொரு தொழிலாளிக்கும் விரிய வேண்டும். உண்மையான குறுந்தொழில்களின் பங்கை ஒன்றிய அரசு ஏற்க வேண்டும். ஒரு லட்சம் கோடி ரூபாயை நெருங்கும் மானியத் திட்டத்துக்குப் பணம் உண்டென்றால் இதற்கும் உண்டு. துறைவாரியாக மாத்தாடி முறையிலான வாரியங்கள் அமைய வேண்டும். மாதம் 26,000 ரூபாய் குறைந்தபட்சக் கூலி என்ற தொழிற்சங்கக் கோரிக்கை ஏற்கப்பட வேண்டும். நாளொன்றுக்கு 178 ரூபாய் என்று 2019இல் ஒன்றிய அரசு அறிவித்த தேசியத் தளமட்டக் கூலியை வைத்துக்கொண்டு திறமையான தொழிலாளியைத் தேடுவது வெட்கக்கேடு. நான்கு சட்டத் தொகுப்புகளும் திரும்பப் பெறப்பட வேண்டும். இக்கோரிக்கைகளில் முதலிரண்டும் சிறு முதலாளிக்கும் உரியவை. அவரைப் போராட்டத்துக்கு அழைக்க வேண்டிய இடம் அதுவே.

தோழர்களில் சிலரும் அச்சகமோ மருந்துக்கடையோ நடத்துகின்றனர். சில கூட்டுறவுகளுக்கும் சங்கக் கட்டடங்களுக்கும் தோழர்கள் பொறுப்பில் உள்ளனர். அங்கே பணிபுரிவோருக்கு நியமனக் கடிதம் உண்டா, வார விடுமுறை உண்டா, சம்பளச் சீட்டு உண்டா என்ற கேள்வி மாநாட்டுத் தீர்மானங்களுக்கு முன்பே கேட்கப்பட வேண்டியது. இயக்கத்துக்காக உழைக்கிறார் என்ற காரணம் காட்டி எவருடைய கூலியையும் குறைக்கும் வழக்கம், குடும்பம் போல் நடத்துகிறோம் என்று கூறும் முதலாளியின் வழக்கத்திலிருந்து வேறானது அன்று.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் இன்று நாட்டின் ஒவ்வொரு தொழில்நகரத்திலும் வேலை செய்கின்றனர். அவர்கள் அடிக்கடி இடம் மாறுவதைச் சங்கம் அமைப்பதற்குத் தடையாகக் காண்பது எளிது. ஆனால் அந்த மாற்றம் ஒவ்வொன்றும் ஒரு மறுப்பு. கூட்டாக எழுப்ப வாய்ப்பில்லாத கோரிக்கையைத் தனியொருவர் தன் கால்களால் எழுப்புவது. அந்தத் தனி மறுப்புகளை ஓர் அமைப்பின் குரலாக மாற்றும் பொறுப்பு உழைக்கும் வர்க்க இயக்கத்துடையது. தறிக்கூடத்தின் மெஸ் அறைக்கும் பட்டறையின் பின்கட்டுக்கும் கிடங்கின் வாசலுக்கும் அவர்களது மொழி அறிந்த தோழர்கள் சென்று சேரும் நாளில், அவர்கள் நிற்பார்கள். முதலாளியின் தயவில் நிற்காமல், தம் உரிமையில் நிற்பார்கள்.